யப்பான் கார்களின் மின்னணு அமைப்புகளை வீட்டிலேயே மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டு முற்றங்களில் நிற்கும் கார்களைப் பாருங்கள். விட்ஸ், எக்சியோ, அக்வா, பிரியஸ், வெகன் ஆர், ஃபிட், வெசல் என்று வரிசையாக வரும். அநேகமாக எல்லாமே யப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்டவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளி முழுவதும் கையில் இருந்த காரைப் பேணி ஓட்டுவதே எல்லோருக்கும் இருந்த ஒரே வழி. அந்தக் கார்கள்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கார்களில் மக்கள் சலித்துக்கொள்ளும் சில விடயங்கள் உண்மையில் பழுதுகளே அல்ல. பின்னோக்கி எடுக்கும்போது காருக்குள் மட்டும் விடாமல் அடிக்கும் பீப் ஒலி, ரிமோட்டால் திறந்து அரை நிமிடத்தில் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும் கதவு, விடியற்காலையில் ஒழுங்கையையே எழுப்பும் பூட்டுச் சத்தம் ஆகியவை தொழிற்சாலையில் தெரிவுசெய்து வைக்கப்பட்ட அமைப்புகள், அதாவது செட்டிங்ஸ். காரின் பாகங்களை இயக்கும் சிறு கணினிகளுக்கு ஈசியூ என்று பெயர். அந்த ஈசியூவுக்குள்ளேயே வேறு தெரிவுகளும் காத்திருக்கின்றன. அவற்றை மாற்றக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. சிறிய கருவி ஒன்றும் பொறுமையும் இருந்தால் வீட்டு முற்றமே போதும்.

ஆனால் எதை வீட்டில் மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் அதிகம் வலியுறுத்துவது அதைத்தான்.

மூன்று வேலைகள், ஒன்றுக்கொன்று வேறு

“காரைப் புரோகிராம் பண்ணுவது” என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது, தொழிற்சாலை அனுமதித்த தெரிவுகளை மாற்றுவது. அறை விளக்கு 15 வினாடி எரிவதா, 30 வினாடி எரிவதா என்பது போன்றது. ஈசியூவின் நினைவகத்தில் மிகச் சிறிய பகுதி மட்டும் மாறுகிறது. சில நொடிகளில் முடியும். பிடிக்காவிட்டால் பழையபடி திருப்பிவிடலாம். இந்த வழிகாட்டி இதற்கு மட்டுமே.

இரண்டாவது, ஈசியூவின் மென்பொருளையே புதிய பதிப்பால் மாற்றி எழுதுவது. இதற்குப் பல நிமிடங்கள் எடுக்கும். இடையில் மின்சாரம் தளர்ந்தாலோ கேபிள் அசைந்தாலோ அந்த ஈசியூ மீண்டும் உயிர்பெறாமல் போகலாம். வீட்டில் செய்யக்கூடாத வேலை.

மூன்றாவது, எஞ்சினின் எரிபொருள், தீப்பொறி அட்டவணைகளை மாற்றுவது. கூடுதல் வேகம், கூடுதல் சிக்கனம் என்று விளம்பரம் செய்து விற்கப்படுவது இதுதான். சாதாரண குடும்பக் காருக்கு இது தேவையே இல்லை. எஞ்சினின் ஆயுளும், ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் எடுக்கும் புகைப் பரிசோதனையும் இதனால் பாதிக்கப்படலாம்.

யாராவது உங்கள் காரில் கருவி பொருத்த வந்தால், இந்த மூன்றில் எதைச் செய்யப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் திறப்பைக் கொடுக்காதீர்கள்.

காரின் எந்த இடத்தில் பொருத்துவது

ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, 16 முனைகள் கொண்ட பிளாஸ்டிக் செருகுவாய் ஒன்று இருக்கும். ஓபிடி2 துறை என்பது அதுதான். அமெரிக்காவில் 1996 மாதிரி ஆண்டுக் கார்களிலிருந்து கட்டாயமாக்கப்பட்டு, பிறகு உலகம் முழுவதும் பரவிய ஒழுங்கு அது. அதன் 16ஆம் முனையில் எப்போதும் பற்றரி மின்சாரம் இருக்கும். 4ஆம், 5ஆம் முனைகள் எர்த். 6ஆம், 14ஆம் முனைகள் கேன் எனப்படும் தகவல் வழி. கார்களின் ஈசியூக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள போஷ் நிறுவனம் உருவாக்கி 1986இல் அறிமுகம் செய்த முறை அது. நீங்கள் செருகும் கருவி அந்த உரையாடலில் புதிதாக வந்து சேரும் ஓர் ஆள். அது தவறாகப் பேசினால் மற்ற ஈசியூக்களும் குழம்பும் என்பதால்தான் கருவியின் தரம் முக்கியமாகிறது.

கரையோரத்தில் இருக்கும் நமக்கு ஒரு சிக்கல் கூடுதல். வாவிக்கும் கடலுக்கும் இடையில் வீடு இருந்தால் உப்புக்காற்று எந்தச் செம்பு முனையையும் விட்டுவைப்பதில்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தை அந்தச் செருகுவாய்க்குள் அடித்துப் பாருங்கள். முனைகள் மினுங்கினால் நல்லது. பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகு செருகுங்கள். ஊசியாலோ ஸ்குரூ டிரைவராலோ சுரண்டாதீர்கள். முனைகள் விரிந்துவிட்டால் பிறகு எந்தக் கருவியும் ஒழுங்காகப் பிடிக்காது.

எந்தக் கருவி, எந்த மென்பொருள்

அதிகமாகக் கிடைப்பது ஈஎல்எம்327 என்று பெயர் எழுதிய, நெருப்புப்பெட்டி அளவான புளூடூத் கருவி. அந்தச் சிப்பை உருவாக்கியது கனடாவின் ஈஎல்எம் எலெக்ட்ரோனிக்ஸ். இன்று சந்தையில் அந்தப் பெயரில் விற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை போலிகள். ஓர் அடையாளம் சொல்கிறேன்: 1.5 பதிப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூல நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. 2.1 என்று எழுதிய மலிவுப் போலிகள் இன்னும் மோசம். பல கட்டளைகள் அவற்றுக்குப் புரியாது. கார் தன் பழுதுகளைப் பதிந்துவைக்கும் பிழைக் குறியீட்டை வாசிக்க மட்டும் இவை ஓரளவு போதும். அமைப்பை மாற்றி எழுத இவற்றை நம்ப வேண்டாம். ஓபிடிலிங்க் போன்ற தரமான கருவியோ, நீங்கள் பயன்படுத்தப்போகும் செயலியின் நிறுவனமே பரிந்துரைக்கும் கருவியோ வாங்குங்கள். விலை அதிகம்தான். ஆனால் எழுதும் வேலையில் பாதியில் தொடர்பு அறுவதைவிட அது மலிவு. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஏற்ற கருவிதானா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டுடன் இணையும் பழைய வகை புளூடூத் கருவிகள் பல ஐபோனுடன் இணையாது.

மென்பொருளுக்கு இரண்டு வழிகள் உண்டு. கைத்தொலைபேசிச் செயலிகளில் டொயோட்டா, லெக்சஸ் கார்களுக்குக் கரிஸ்டா எளிது. வாசிப்பதற்குப் பெரிதாகச் செலவில்லை. மாற்றுவதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் யப்பான் சந்தைக் கார்கள் எல்லாவற்றிலும் எல்லாத் தெரிவும் அதில் வராது. அதனால் சந்தா கட்டுமுன் உங்கள் காருக்கு என்னென்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட், மஸ்டா வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்ஸ்கான் மிகச் சிறந்தது.

இரண்டாவது வழி, உற்பத்தி நிறுவனத்தின் சொந்த மென்பொருள். டொயோட்டாவுக்கு டெக்ஸ்ட்ரீம், ஹொண்டாவுக்கு எச்டிஎஸ், நிசானுக்குக் கொன்சல்ட். டெக்ஸ்ட்ரீமை டொயோட்டாவின் தொழில்நுட்பத் தளத்தில் குறுகிய காலச் சந்தாவாகப் பெறலாம். மினி விசிஐ என்ற மலிவுக் கேபிளுடன் இறுவட்டில் இலவசமாக வரும் பிரதி திருட்டுப் பிரதி. அத்தோடு வைரசும் வந்து சேரும் ஆபத்து உண்டு. வங்கிக் கணக்கு பார்க்கும் மடிக்கணினியில் அந்த இறுவட்டைப் போடவே வேண்டாம். அந்தக் கேபிளை இயக்கும் டிரைவர் மென்பொருள் 32 பிட் விண்டோசுக்கென்று எழுதப்பட்டது. புதிய மடிக்கணினிகளில் தகராறு செய்யும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய விண்டோஸ் 7 மடிக்கணினிக்கு இங்கேதான் வேலை வருகிறது.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பல கார்களில் சில அமைப்புகளைக் காரின் சொந்தத் திரையிலேயே மாற்றலாம். டொயோட்டா, ஹொண்டா இரண்டும் தமது யப்பானியத் தளங்களில் பயனர் கையேடுகளை இலவசமாக வைத்திருக்கின்றன. டொயோட்டாக் கையேடுகளின் கடைசிப் பகுதியில், மாற்றக்கூடிய அமைப்புகளின் அட்டவணை இருக்கும். எதை உரிமையாளரே மாற்றலாம், எதற்குக் கருவி தேவை என்றும் அதில் குறித்திருப்பார்கள். எழுத்து யப்பானியம்தான். ஆனால் கைத்தொலைபேசிக் கமெராவின் மொழிபெயர்ப்பு அந்த அட்டவணைக்குத் தாராளமாகப் போதும். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குபவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

பற்றரியை முதலில் பாருங்கள்

எழுதும் வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் தளர்ந்த 12 வோல்ட் பற்றரி. ஓபிடி கருவியைச் செருகினாலே செயலியில் வோல்ட் அளவு தெரியும். கார் நிறுத்தி ஓரிரு மணி நேரம் சென்ற பின் 12.6 அளவில் இருந்தால் பற்றரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே இருந்தால் அன்று எதையும் எழுதாதீர்கள். சார்ஜ் ஏற்றிவிட்டு வேறொரு நாள் செய்யுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் டாஷ்போர்ட் விளக்குகள் எரியும், ஆனால் “ரெடி” என்று வராது. அமைப்புகளை மாற்றும்போது பெரும்பாலும் இந்த நிலையில்தான் கார் இருக்க வேண்டும். இந்த நிலையில் பெரிய ஹைபிரிட் பற்றரி இணைக்கப்படுவதில்லை. சிறிய 12 வோல்ட் பற்றரி தனியே எல்லாவற்றையும் தாங்குகிறது, அதற்கு எதுவும் சார்ஜ் ஏற்றுவதும் இல்லை. ஹெட்லைட், ஏசி காற்றாடி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். இடையில் யோசிக்க வேண்டியிருந்தால், யாராவது கூப்பிட்டால், காரை நிறுத்திவிட்டுப் போங்கள். அந்த நிலையில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பினால் கார் உயிரில்லாமல் நிற்கலாம்.

மடிக்கணினி முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கட்டும். திரைச்சேமிப்பு, தானியங்கிப் புதுப்பிப்பு இரண்டையும் நிறுத்துங்கள். நேரம் என்று பார்த்தால் விடிகாலை அல்லது மாலை. பகல் வெயிலில் மூடிய காருக்குள் மடிக்கணினியும் சூடேறும், திரையும் தெரியாது.

எழுதுமுன் வாசியுங்கள்

இந்த வழிகாட்டியில் தவிர்க்கவே கூடாத படி இதுதான். எந்த அமைப்பையும் தொடுமுன், கார் முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பதிவுசெய்யுங்கள்.

டெக்ஸ்ட்ரீமில் “ஹெல்த் செக்” என்ற பகுதி எல்லா ஈசியூக்களையும் வரிசையாகக் கேட்டு, இருக்கும் பிழைக் குறியீடுகளை ஒரே பட்டியலாகத் தரும். அதைக் கோப்பாகச் சேமியுங்கள். கைத்தொலைபேசிச் செயலியில் என்றால் ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து வையுங்கள். குறியீட்டின் முதல் எழுத்தே கதையின் பாதியைச் சொல்லும்: பி (P) என்றால் எஞ்சினும் கியரும், சி (C) என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம், பீ (B) என்றால் கதவு, காற்றுப்பை முதலிய உடற்பகுதி, யு (U) என்றால் ஈசியூக்களுக்கு இடையிலான தொடர்பு. யு வகைக் குறியீடுகள் பல ஒன்றாக வந்தால் முதலில் பற்றரியைச் சந்தேகியுங்கள். ஹைபிரிட் காரில் பி0ஏ80 (P0A80) வந்திருந்தால் ஹைபிரிட் பற்றரி தளர்ந்துவிட்டது என்று பொருள். அன்று பீப் ஒலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, வேறு செலவுக்குத் தயாராக வேண்டும்.

அடுத்து ஒரு கொப்பி. திகதி, செசி இலக்கம், ஓடிய கிலோமீற்றர், ஈசியூவின் பெயர், அமைப்பின் பெயர், பழைய பெறுமதி, புதிய பெறுமதி. இத்தனையும் ஒரே வரியில். திரையைப் படம் பிடித்தாலும் இதைக் கையால் எழுதுங்கள். கைத்தொலைபேசி தொலைந்து போகும், படங்கள் அழியும், டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கும் கொப்பி அப்படியே இருக்கும். பற்றரியைக் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வராது. இந்த அமைப்புகள் மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் எழுதப்படுகின்றன. பழைய பெறுமதி தெரிந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

டெக்ஸ்ட்ரீமில் படிப்படியாக

கைப்பிரேக்கை இழுத்து, கியரை “பி”யில் வைத்து, கதவுகளை மூடுங்கள். ஸ்மார்ட் திறப்பு காருக்குள் உங்களிடம் இருக்கட்டும். கேபிளை முதலில் மடிக்கணினியிலும் பிறகு காரிலும் செருகி, பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். திறப்பு போடும் காரென்றால் திறப்பை “ஓன்” வரை திருப்பினால் போதும், எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

மென்பொருளில் பார்க்க வேண்டிய முதல் இடம் நாட்டுத் தெரிவு. பலர் தடக்கி விழுவது இங்கேதான். அமெரிக்க, ஐரோப்பியக் கார்களுக்கு 17 எழுத்துக்கள் கொண்ட உலகப் பொது அடையாள எண் உண்டு. அதை வாசித்தே மென்பொருள் காரை அறிந்துகொள்ளும். யப்பான் சந்தைக் கார்களில் அந்த எண் கிடையாது. செசி இலக்கம் மட்டும்தான். என்எச்பி10 என்று தொடங்கினால் அக்வா, இசட்விடபிள்யூ30 என்றால் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், என்இசட்இ141 என்றால் எக்சியோ, கேஎஸ்பி90 என்றால் ஆயிரம் சிசி விட்ஸ். அமைப்புப் பகுதிக்குப் போய் நாடு “யப்பான்” என்று மாற்றுங்கள். பிறகு மாதிரியையும் ஆண்டையும் நீங்களே தெரிவுசெய்ய வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தைப் பார்த்தே தெரிவுசெய்யுங்கள். ஒரே பெயரில் வரும் அமெரிக்கக் காரைத் தெரிவுசெய்தாலும் இணைப்பு கிடைக்கும், பட்டியலும் வரும். ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் காருடையதல்ல.

எந்தக் கேபிள் என்பதையும் அதே அமைப்புப் பகுதியில் தெரிவுசெய்யுங்கள். மினி விசிஐ என்றால் பட்டியலில் “எக்ஸ்ஹோர்ஸ்” என்ற பெயரில் இருக்கும். பிறகு காருடன் இணையுங்கள். ஸ்மார்ட் திறப்பு உண்டா, இல்லையா என்பது போன்ற கேள்விகள் வரும். உங்கள் காரில் உள்ளதைச் சொல்லுங்கள்.

இணைந்த பின் “கஸ்டமைஸ்” பகுதிக்குப் போனால் கதவுப் பூட்டு, ரிமோட், விளக்கு, எச்சரிக்கை, வைப்பர் என்று தலைப்புகள் இருக்கும். ஒன்றைத் திறந்தால் இப்போதைய பெறுமதி தெரியும். கொப்பியில் எழுதுங்கள். ஒரே ஓர் அமைப்பை மாற்றுங்கள். உறுதி செய்யுங்கள். மென்பொருள் முடிந்தது என்று சொல்லும்வரை எதையும் தொடாதீர்கள். பிறகு காரை முழுதாக நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, மறுபடி தொடங்கி, அந்த மாற்றம் நினைத்தபடி வேலைசெய்கிறதா என்று சோதியுங்கள். அதன் பிறகே அடுத்தது. பட்டியல் முழுவதையும் ஒரே அடியில் மாற்ற ஆசை வரும். அப்படிச் செய்து ஏதாவது விசித்திரமாக நடந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கரிஸ்டாவிலும் ஒழுங்கு இதேதான். திரை எளிமையாக இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

எதை மாற்றினால் நமக்குப் பயன்

பின்னோக்கிப் போகும்போது அடிக்கும் ஒலி. பிரியஸ், அக்வா வைத்திருப்பவர்களின் முதல் கேள்வி இதுதான். இந்த ஒலி காருக்குள் மட்டுமே கேட்கும். பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. எஞ்சின் சத்தம் இல்லாத காரில் ரிவர்ஸ் விழுந்திருக்கிறது என்பதை ஓட்டுநருக்குச் சொல்ல வைத்தது. கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அக்வாவில் இதை மாற்றிக் கொடுத்தேன். பக்கத்து ஆசனத்தில் இருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “தம்பி, இதை முழுவதுமாக நிறுத்திவிட முடியாதா?” என்று கேட்டார். “அந்தத் தெரிவு இதில் இல்லை சேர். விட்டுவிட்டு அடிப்பது, ஒரு தரம் மட்டும் அடிப்பது, இரண்டுதான் இருக்கிறது” என்றேன். மாற்றி முடித்ததும் காரை நிறுத்தி, மீண்டும் தொடங்கி, அவரே கியரை ரிவர்சில் தள்ளினார். ஒரு பீப். கையைக் கியரிலேயே வைத்தபடி அடுத்ததற்காகக் காத்திருந்தார். வரவில்லை. “ஒன்று இருப்பதும் நல்லதுதான்” என்று சொல்லி “பி”க்குக் கொண்டுவந்தார். என் எண்ணமும் அதுவே. நிறுத்தும் வழி கிடைக்கும் மாதிரிகளிலும்கூட ஒன்றை விட்டுவையுங்கள்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரம். ரிமோட்டால் திறந்த பின் கதவைத் திறக்காவிட்டால் 30 வினாடியில் மீண்டும் பூட்டிவிடும். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சந்தைப் பையுமாக வருபவருக்கு அது போதாது. 60 வினாடியாக்குங்கள்.

பூட்டும்போது வரும் சத்தம். ஸ்மார்ட் திறப்புள்ள பல டொயோட்டாக்களில் இதன் அளவு 0 முதல் 7 வரை இருக்கும். காத்தான்குடி, மருதமுனை போல வீடுகள் நெருங்கிய இடங்களில் விடியற்காலை வேலைக்குப் புறப்படுபவர்கள் 1 அல்லது 2இல் வைத்தால் அயலவர் வாழ்த்துவார்கள். 0 ஆக்காதீர்கள். பூட்டிவிட்டதா என்ற சந்தேகத்தில் திரும்பி நடக்க வேண்டிவரும்.

தானியங்கி ஹெட்லைட்டின் கூர்மை. இதைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். தானியங்கி விளக்கு உள்ள கார்களில் எவ்வளவு இருட்டினால் விளக்கு எரிய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கலாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, பிற்பகல் மூன்று மணிக்கே வானம் கறுத்துவிடும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் போகும் ஏ4 வீதியில் அந்த நேரத்தில் மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும், விளக்கில்லாத சைக்கிள்கள் ஓரத்தில் வரும். விளக்கு சற்று முன்னதாகவே எரியும்படி ஒரு படி கூட்டுங்கள். எதிரே வருபவருக்கும் உங்களைத் தெரியும்.

சமிக்ஞை விளக்கை இலேசாகத் தட்டினால் மூன்று முறை மட்டும் மினுங்கும் வசதி புதிய மாதிரிகளில் உண்டு. அதை ஐந்தாக்கலாம். மோட்டார் சைக்கிள்கள் இரு பக்கமும் வரும் நமது வீதிகளில் மூன்று போதாது.

கதவு பூட்டும் முறையை மாற்றுவது உங்கள் வாழ்க்கை முறையைப் பொறுத்தது. கியரைப் “பி”யிலிருந்து எடுத்ததும் பூட்டுவதா, சுமார் 20 கிலோமீற்றர் வேகத்தில் பூட்டுவதா, “பி”க்கு வந்ததும் எல்லாக் கதவும் திறப்பதா என்று தெரிவுகள் இருக்கும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போவோர் கியருடன் பூட்டும் முறையை வைக்கலாம். “பி”க்கு வந்ததும் எல்லாம் திறக்கும் தெரிவை நான் விரும்புவதில்லை. சின்னப் பிள்ளை வீதிப்பக்கக் கதவைத் திறந்து இறங்கிவிடும். எந்த முறையை வைத்தாலும், வெள்ளத்தில் மின்சாரம் போனால் கையால் கதவைத் திறப்பது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டிவையுங்கள்.

அறை விளக்கு 7.5, 15, 30 வினாடி என்று வரும். விருப்பம்போல.

தொடக்கூடாதவை

ஆசனப்பட்டி எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் தெரிவும் பட்டியலில் வரலாம். அதை மாற்றித் தரும்படிதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். நான் செய்து கொடுப்பதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். முன் ஆசனங்களில் பட்டி அணிவது சட்டம் என்பது ஒருபுறம். காற்றுப்பை பட்டி அணிந்த உடலைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பட்டியில்லாமல் முன்னே வீசப்படும் உடலை, விரியும் பை தாங்காது, தாக்கும்.

காற்றுப்பை ஈசியூ, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஸ்டியரிங் கோணச் சீரமைப்பு, பிரேக் எண்ணெய்க் காற்று நீக்கல், திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர், புதிய திறப்புப் பதிவு ஆகிய எல்லாம் அதே மென்பொருளில் ஒரே சொடுக்குத் தூரத்தில் இருக்கும். “யூட்டிலிட்டி” என்ற பகுதிக்குள் ஆர்வத்தால் நுழையாதீர்கள். திறப்புப் பதிவில் தவறினால் கையிலிருக்கும் நல்ல திறப்பும் செல்லாததாகிவிடலாம். ஓடிய தூரத்தைக் குறைத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது மோசடி, வேறு பெயர் இல்லை.

இணையவில்லை என்றால்

கருவியில் விளக்கே எரியாவிட்டால் துறைக்கு மின்சாரம் வரவில்லை. டொயோட்டாவில் ஓபிடி என்று குறித்த தனிப் பியூஸ் இருக்கும், அதைப் பாருங்கள். விளக்கு எரிந்தும் காரைக் காணவில்லை என்றால் கார் “ஓன்” நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல பேருக்கு இதுதான் காரணம். பிறகு புளூடூத் இணைப்பு, கேபிளின் டிரைவர், தெரிவுசெய்த மாதிரி என்ற வரிசையில் போங்கள். மல்டிமீற்றர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் இடையில் தடையை அளக்கலாம். 60 ஓம் அளவில் இருந்தால் தகவல் வழி நலம். 120 என்றால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. மழைக்குப் பின் எலி கடித்த வயரும் இப்படிக் காட்டும். பற்றரியைக் கழற்றிய பின் கதவுக் கண்ணாடிகளின் தானியங்கி வசதி வேலைசெய்யாவிட்டால் பயப்பட வேண்டாம். கண்ணாடியை முழுதாக மூடி, சுவிட்சை மேலும் சில நொடிகள் இழுத்துப் பிடித்தால் பெரும்பாலான கார்களில் திரும்பி வரும்.

மாற்றத்தை எழுத மறுக்கிறது என்றால் வற்புறுத்தி மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். அந்தத் தெரிவு உங்கள் கார் வகையில் இல்லாமல் இருக்கலாம், பற்றரி தளர்ந்திருக்கலாம், ஒரு கதவு சரியாக மூடாமல் இருக்கலாம்.

வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். 16ஆம் முனையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் அது இரவு பகலாகப் பற்றரியைக் குடிக்கும். மலிவுக் கருவிகளின் கடவுச்சொல் 1234 அல்லது 0000. அருகில் நிற்கும் எவரும் இணையலாம்.

பழைய கார் வாங்கப் போகும்போது

அதே கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் இல்லை என்பதால் கார் நல்லது என்று முடிவெடுக்க முடியாது. விற்பவர் அன்று காலையில்தான் குறியீடுகளை அழித்திருக்கலாம். நல்ல செயலிகள், குறியீடு அழித்த பின் ஓடிய தூரத்தைக் காட்டும். அதோடு கார் தன்னைத்தானே சோதிக்கும் சோதனைகள் எத்தனை முடிந்திருக்கின்றன என்றும் காட்டும். தூரம் மிகக் குறைவாகவும் சோதனைகள் முடியாமலும் இருந்தால், ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். பற்றரி மாற்றியதாலும் அப்படி ஆகும் என்பதால் பதிலைக் கேட்டுவிட்டு, சில நாள் ஓட்டிய பின் மறுபடி பார்க்க நேரம் கேளுங்கள். நேர்மையாக விற்பவர் மறுக்க மாட்டார்.

கராஜுக்குப் போக வேண்டிய வேளை

காற்றுப்பை விளக்கு, பிரேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, ஹைபிரிட் காரின் முக்கோண எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றில் எது எரிந்தாலும் வாசிப்பதோடு நிறுத்துங்கள். குறியீட்டை அழித்துவிட்டுப் போகாதீர்கள். பழுது விழுந்த கணத்தில் வேகம், வெப்பம், சுழற்சி எவ்வளவு என்று ஈசியூ எடுத்துவைத்த பதிவும் குறியீட்டோடு சேர்ந்தே அழிந்துவிடும். மெக்கானிக் தேடுவது அந்தப் பதிவைத்தான். சேமித்த கோப்பையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய், எதை எப்போது மாற்றினீர்கள் என்று அவரிடம் மறைக்காமல் காட்டுங்கள். கொப்பியில் அந்தத் திகதிக்குப் பிறகு கார் ஒழுங்காக ஓடியிருப்பது தெரிந்தால், உங்கள் மாற்றங்களைச் சந்தேகிப்பதில் அவர் நேரம் செலவழிக்காமல் நேரே பழுதுக்குப் போவார்.